ஆனிக்கு 32 நாள், மார்கழிக்கு 29

ஜூலை நெருங்கினால் மலேசியாவில் எங்கள் பந்திங் வட்டாரத்துக் கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும். வழக்கமாக 9 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சூரியன் 15 கோடியே 20 லட்சம் கிலோமீட்டருக்குப் போய்விடுமாம். குளிர் அடிக்கும், இருமலும் காய்ச்சலும் வரும், வெந்நீர் குடியுங்கள். வெந்நீர் வந்துவிட்டதால் என் அம்மா முழுவதையும் நம்பிவிடுவார்.

அதில் உள்ள இரண்டு எண்களில் ஒன்று சரி. ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனிலிருந்து சுமார் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது, இதுதான் சேய்மைநிலை. ஜனவரி முதல் வாரத்தில் 14 கோடியே 71 லட்சம், அது அண்மைநிலை. அந்த 9 கோடிதான் யாரோ அள்ளிவிட்டது. உண்மையான வித்தியாசம் 50 லட்சம் கிலோமீட்டர், அதாவது மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். சூரிய ஒளி நம்மை வந்து சேர ஜனவரியில் 8 நிமிடம் 11 வினாடி ஆகிறது என்றால், ஜூலையில் கூடுதலாக 16 வினாடி.

இந்தப் பயத்துக்குப் பாடப்புத்தகப் படங்களும் ஒரு காரணம் என்பேன். பூமியின் பாதையைக் கோழிமுட்டை போல நீட்டி வரைந்துவிடுகிறார்கள். செவ்வாயின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம் என்று 1609இல் வானியலாளர் கெப்லர் எழுதியது உண்மை. பூமியின் பாதையும் நீள்வட்டம்தான். ஆனால் எவ்வளவு நீளம்? 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு தோசை வார்த்து அதைப் பூமியின் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து அகலத்துக்கும் மறுபக்கத்து அகலத்துக்கும் உள்ள வேறுபாடு 0.04 மில்லிமீட்டர். எந்த மாமியாரும் குறை சொல்ல முடியாத வட்டம் அது. சூரியன்தான் நடுவில் இல்லை. இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அருகு, தொலைவு எல்லாம் அந்த இரண்டரை மில்லிமீட்டரில் அடங்கிவிடுகின்றன.

ஜூலையில் நமக்குக் கிடைக்கும் வெயில் ஜனவரியைவிட ஏறக்குறைய ஆறரை சதவீதம் குறைவு. இருந்தும் உலகின் சராசரி வெப்பம் ஜூலையில்தான் அதிகம். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் அப்போது வட பாதி சூரியன் பக்கம் திரும்பியிருக்கிறது. நிலப்பரப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறும். நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கும் எங்களுக்கோ எந்த மாதத்திலும் வியர்வைதான்.

சூரியனின் அருகும் தொலைவும் கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. கோயிலில் கொடுத்த நாள்காட்டியைப் பாருங்கள். ஆனிக்குப் பெரும்பாலும் 32 நாள், மார்கழிக்கு 29. தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். ராசி ஒவ்வொன்றும் சரியாக 30 பாகை. தூரம் ஒன்று, நாள் மட்டும் வேறு என்றால் வேகம் மாறுகிறது என்றுதானே பொருள்? மேலே எறிந்த கல் ஏற ஏறத் தளர்கிறது, விழும்போது வேகமெடுக்கிறது. பூமியும் சூரியனை விட்டு விலகும் அரையாண்டில் அப்படித் தளர்ந்து ஜூலையில் வினாடிக்கு 29.3 கிலோமீட்டருக்கு வருகிறது. பிறகு சூரியனை நோக்கிச் சரிந்து ஜனவரியில் 30.3 கிலோமீட்டரை எட்டுகிறது. அந்த வேகம் பக்கவாட்டில் இருப்பதால் சூரியனில் போய் விழாமல் மறுபடி விலகிச் செல்கிறது. சூரியன் மெதுவாக நகர்வதுபோல் தெரியும் அந்த இடத்தைப் சித்தாந்தம் எனப்படும் பழைய வானியல் நூல்கள் மந்தோச்சம் என்றன. மந்தமான உச்சம்! தொலைநோக்கி இல்லாத காலத்தில், நாள்களை எண்ணியே பிடித்திருக்கிறார்கள்.

நிலா வேறு கதை. அதன் பாதை பூமியின் பாதையைவிட மையம் விலகியது. அண்மைநிலையில் 3,56,000 கிலோமீட்டர் வரை நெருங்கும், சேய்மைநிலையில் 4,06,000 கிலோமீட்டரையும் தாண்டும். பார்வைக்கு இது பெரிதாக ஒன்றுமில்லை. சாதாரண நிலாவுக்கும் பத்திரிகைகள் கொண்டாடும் சூப்பர் மூனுக்கும் உள்ள அகல வித்தியாசம், எங்கள் 20 சென் காசுக்கும் 50 சென் காசுக்கும் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் வைத்து ஒப்பிட இரண்டாவது நிலா வேறு இல்லை.

கடலுக்குத் தெரிந்துவிடும். கடலை எழுப்புவது நிலாவின் மொத்த இழுப்பு அல்ல; பூமியின் இந்தப் பக்கத்தை இழுப்பதற்கும் அந்தப் பக்கத்தை இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு. அந்த வேறுபாடு தூரத்தின் மும்மடிக்கு எதிராக மாறும். நிலாவின் தூரம் பத்து சதவீதம் குறைந்தால் கடலை எழுப்பும் விசை ஏறக்குறைய 37 சதவீதம் கூடிவிடும்.

எங்கள் பக்கத்தில் லங்காட் ஆற்றைக் கடந்தால் கேரித் தீவு. பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். பெருக்கு நேரத்துக் கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலம் பல இடங்களில் உண்டு. மண்வரம்பு கட்டித்தான் கடலைத் தடுத்திருக்கிறார்கள். தோட்டத்து வாய்க்கால் வரம்பைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ஒரு கதவு, மேலே கீல் வைத்துத் தொங்கும். கடல் வற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் அதைத் தள்ளித் திறந்து வடியும்; கடல் ஏறும்போது அதே கடல் கதவை அழுத்தி மூடிவிடும். ஆள் வேண்டியதில்லை. ஆனால் பெருக்கு நாளில் மழையும் சேர்ந்தால் வடிய வழியின்றிச் செம்பனையின் அடி மூழ்கி நிற்கும். கதவிடுக்கில் ஒரு மட்டைத் துண்டு சிக்கினாலும் போதும், உப்புநீர் உள்ளே வந்துவிடும்.

என் பெரிய மாமா தோட்டத்தில் இந்த வாய்க்கால் வேலை பார்த்தவர். அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுப்பதால் பெருக்கு வழக்கத்தைவிட உயரமாக வரும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் அதற்கு மேலே ஒன்று சொல்வார்: "எல்லாப் பௌர்ணமியும் ஒன்றல்ல." கிள்ளான் துறைமுகத்தில் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டும் நாள்கள் எல்லா மாதமும் ஒரே அளவில் வருவதில்லை என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். அதற்குக் கணக்கு இருக்கிறது. பௌர்ணமி 29.53 நாளுக்கு ஒரு முறை, நிலாவின் அண்மைநிலை 27.55 நாளுக்கு ஒரு முறை. 14 பௌர்ணமிக்கும் 15 அண்மைநிலைக்கும் ஏறக்குறைய ஒரே கூட்டல், 413 நாள். நெருங்கிய நிலாவும் பௌர்ணமியும் இன்று சேர்ந்தால் மறுபடி நன்றாகச் சேர்வது 413 நாள் கழித்து. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பௌர்ணமிகளும் ஓரளவு நெருக்கமாகவே அமையும்.

இதைச் சொன்னதும் மாமா பென்சிலை எடுத்துக்கொண்டு நாள்காட்டியில் பௌர்ணமிகளை எண்ணத் தொடங்கினார். டிசம்பரோடு தாள் முடிந்துவிட்டது. மீதியை ஆணிக்குக் கீழே, சுவரில் குறித்து வைத்தார்.