போன ஆனித் தேருக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?

அண்ணனுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் 46 வயதில் ஆரம்பித்தது என்று இப்போது கணக்குச் சொல்கிறோம். அன்றைக்கு யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. இடது செருப்பு மட்டும் பெருவிரல் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்ததை அண்ணன் மனைவி, எங்கள் மைனிதான் முதலில் பார்த்தது. "ஒரு கால மட்டும் இழுத்து நடக்கியளோ?" என்று கேட்டதற்கு அண்ணன் வாழைத் தோட்டத்து வரப்பைக் குறை சொன்னான். அப்புறம் ஒருநாள் செருப்பு பாதி வழியில் கழன்று கிடக்க, அது தெரியாமலே வீடு வரைக்கும் வந்து சேர்ந்தான்.

முதலில் பார்த்த டாக்டர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார். அதைத் தப்பென்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நாற்பதைத் தாண்டிய பாதிப் பேரின் கழுத்து ஸ்கேனில் ஏதாவது தேய்மானம் இருக்கத்தான் செய்யும். அதனால்தான் சிக்கலே. ஒன்றரை வருஷம் கழுத்துப் பட்டையும் பி12 ஊசியுமாகப் போன பிறகு, பாளையங்கோட்டையில் ஒரு நரம்பியல் டாக்டர் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "போன ஆனித் தேருக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க? அதுக்கு முந்தின ஆனிக்கு?"

அண்ணன் யோசித்துச் சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலி நெல்லையப்பர் கோவிலின் நாலு ரத வீதியும் தேரோடு சுற்றினான். அடுத்த வருஷம் இரண்டு வீதியோடு நின்றுவிட்டான். போன வருஷம் வாகையடி முக்கிலேயே உட்கார்ந்துவிட்டான். நடுவில் ஒருநாள்கூட 'திடீரென்று' எதுவும் ஆகவில்லை. அந்தத் 'திடீர்' இல்லாததுதான் டாக்டருக்கு வேண்டிய துப்பு.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தமிழில் தண்டுவட மரப்பு நோய், பெரும்பாலும் தாக்குதல் தாக்குதலாக வரும். ஒரு கண் மங்கும், சில வாரத்தில் தெளியும், சில மாதம் கழித்துக் கை மரத்துப்போகும், அதுவும் தெளியும். நூற்றுக்கு 85 பேருக்கு ஆரம்பம் இப்படித்தான். மீதி 10, 15 பேருக்கு தாக்குதலும் கிடையாது, தெளிவதும் கிடையாது, முதல் நாளில் இருந்தே மெதுவாகச் சரிந்துகொண்டே போகும். இதுதான் ப்ரைமரி ப்ரோக்ரெஸிவ் வகை. தாக்குதல் வகை பெண்களுக்குத்தான் கூடுதல். ப்ரைமரி ப்ரோக்ரெஸிவ் வகையில் ஆண் பெண் கிட்டத்தட்ட சமம், ஆரம்பிக்கும் வயதும் நாற்பதை ஒட்டி. முதலில் தாக்குதலாக வந்து பல வருஷம் கழித்து இந்தச் சரிவுக்குள் போகிறவர்களும் உண்டு, அதற்கு செகண்டரி ப்ரோக்ரெஸிவ் என்று பேர்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? நம் ஊரில் இருந்து நாகர்கோவில் போகும் என்ட் டு என்ட் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நரம்பிழையைச் சுற்றி மயலின் என்று கொழுப்பாலான உறை இருக்கிறது. அது இருக்கும்வரை மின்சைகை இழை நெடுகத் தவழ்ந்து போக வேண்டியதில்லை, உறையில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் மட்டும் கால் வைத்துத் தாவிப் போகும். நொடிக்கு 100 மீட்டர் வேகம்கூட வரும். நம் எதிர்ப்புச் சக்தியே இந்த உறையை அரித்துவிடுகிறது. இப்போது பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று போகவேண்டும், டவுன் பஸ் மாதிரி. வேகம் போவது ஒரு பக்கம். டீசல் செலவு ஏறுவது அதைவிடப் பெரிய சேதம். உறை இருந்தபோது இடைவெளிகளில் மட்டும் இருந்த சோடியம் வாசல்கள் இழை முழுக்கப் பரவிவிடும், உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ள நரம்பு எந்நேரமும் சக்தியைச் செலவழிக்கவேண்டி வரும். வருஷக்கணக்கில் இப்படி ஓடினால் ஒருநாள் இழையே செத்துப்போகும், செத்த இழை திரும்ப வராது. மூளையில் இருந்து கால் வேலைக்கு இறங்கும் பாதைதான் மிக நீளம், அதனால் பெரும்பாலும் முதல் அடி காலுக்குத்தான்.

தாக்குதல் வகையில் ரத்தத்தில் இருந்து அணுக்கள் மூளைக்குள் படையெடுக்கும், ஸ்டீராய்டு போட்டால் அடங்கும். இந்த வகையிலோ வீக்கம் மூளைக்குள்ளேயே குடியேறி, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கதவுக்கு வெளியே வேலை செய்யும் மருந்துகள் இங்கே திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நோயை உறுதிசெய்ய உள்ள மெக்டொனால்ட் அளவுகோல் 2001-ல் வந்து பலமுறை திருத்தப்பட்டது. 2017 திருத்தத்தின்படி குறைந்தது ஒரு வருஷம் சரிவு இருந்திருக்கவேண்டும். அதோடு மூன்றில் இரண்டு தேறவேண்டும்: மூளை எம்.ஆர்.ஐ.யில் குறிப்பிட்ட இடங்களில் தழும்பு, தண்டுவடத்தில் இரண்டு தழும்பாவது, முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் ஆலிகோகுளோனல் பட்டைகள் என்ற எதிர்ப்புப் புரதத் தடயம். அந்த ஒரு வருஷத்தை எந்த மெஷினும் காட்டாது, நோயாளி வாயில் இருந்துதான் வரவேண்டும். டாக்டர் ஆனித் தேரைப் பிடித்தது அதற்குத்தான். பி12 குறைவு, தண்டுவடத்தை அமுக்கும் தேய்மானம், காசநோய், ஹெச்.ஐ.வி., என்.எம்.ஓ. என்ற உறவுக்கார நோய், இத்தனையும் இல்லை என்றும் பார்த்தாகவேண்டும். முன்னால் போட்ட பி12 ஊசி வீண் என்று நாங்கள் புலம்பினோம், ஆனால் அந்தச் சோதனையை எப்படியும் செய்திருக்கத்தான் வேண்டும்.

மருந்து? 2017 மார்ச்சில் அமெரிக்காவில் ஒக்ரிலிசுமாப் அனுமதி பெறும்வரை இந்த வகைக்கென்று ஒன்றுமே கிடையாது. எதிர்ப்புச் சக்தி அணுக்களில் ஒரு வகையான பி செல்களை ஒழிக்கும் மருந்து அது, ஆரம்ப டோஸுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றுவார்கள். 732 பேரிடம் நடந்த சோதனையில், வெறும் டிரிப் ஏற்றியவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கும் மருந்து ஏற்றியவர்களில் 33 பேருக்கும் ஊனம் கூடியது. வித்தியாசம் அவ்வளவுதான். போன பலத்தைத் திருப்பித் தராது, போகும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். இதை முதல் நாளே உடைத்துச் சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் ஆறாவது மாதம் வீட்டில் சண்டை வரும். ஏற்றுவதற்கு முன் மஞ்சள் காமாலை பி (ஹெபடைட்டிஸ் பி), காசநோய் இரண்டும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மீதியெல்லாம் அன்றாடப் பாடு. அண்ணன் கால் விறைப்புக்கு பேக்லோஃபென் சாப்பிடுகிறான். விறைப்பு முழுக்கப் போகட்டும் என்று ஒருதரம் அவனாகவே மாத்திரையைக் கூட்டிவிட்டு, காலையில் எழுந்தவன் துணி மாதிரி மடிந்து உட்கார்ந்துவிட்டான். பலம் குறைந்த காலை நிமிர்த்தி வைத்திருந்ததே அந்த விறைப்புதான். சரி வேண்டாம் என்று பட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரை கொண்டுபோய்விடும். அடிக்கடி சிறுநீர் முட்டுகிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தான். சிறுநீரில் கிருமி தொற்றியது, காய்ச்சல் வந்தது, அன்றைக்கு இரண்டு காலும் எழும்பவில்லை. நோய் ஒரேயடியாக முற்றிவிட்டது என்று மைனி அழுதார். காய்ச்சல் இறங்கியதும் கால் வந்துவிட்டது.

இது ஊத்தாஃப் விளைவு, 1890-ல் எழுதிய ஜெர்மன் கண் மருத்துவர் பெயரில் வழங்குவது. உறை போன நரம்பில், உடல் சூடு அரை டிகிரி ஏறினால்கூடச் சைகை நின்றுபோகலாம். ஒருகாலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து இதை நோய்க்கான சோதனையாகவே செய்திருக்கிறார்கள்! கத்திரி வெயிலில் தோட்டத்துக்குப் போகிறவனுக்கு இதைவிட முக்கியமான பாடம் வேறு இல்லை. குளிர்ந்ததும் திரும்பி வந்தால் அது வெறும் சூடு. வராமல் மாதக்கணக்கில் நின்றால்தான் சரிவு.

இரண்டையும் பிரித்துப் பார்க்க டாக்டர் சொல்லித்தந்த வழி 25 அடி நடை. பட்டாசாலையில் மைனி சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார். அண்ணன் தன்னால் முடிந்த வேகத்தில் நடக்க, மைனி போனில் நேரம் பார்த்து நோட்டில் எழுதுவார். ஐந்தில் ஒரு பங்கு மாறினால்தான் கணக்கில் எடுப்பார்கள். மார்ச்சில் 9 நொடி. மே மாதம் மத்தியானம் 13. மறுநாள் விடியற்காலை ஆற்றில் குளித்துவிட்டு வந்து நடந்தபோது மறுபடி 9. இப்போது ஒன்பது மணிக்குள் தோட்டத்து வேலையை முடித்துவிடுகிறான், தலையில் ஈரத்துண்டு, இடது காலில் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை. 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் இந்த நோய் பேர் சொல்லியே இருக்கிறது, ஆனாலும் சான்றிதழுக்குப் போகமாட்டேன் என்று ஒரு வருஷம் முரண்டு பிடித்து, இப்போதுதான் வாங்கினான்.

இந்த ஆனிக்கு வாகையடி முக்குவரை கைத்தடியோடு நடந்து போனான், போன வருஷம் உட்கார்ந்த அதே கடைத் திண்ணைக்கு. மைனி அதையும் நோட்டில் எழுதியிருக்கிறார்: காலை மணி 8, வெயில் இல்லை, அதே இடம்.