ஓட்டுக்கு முன்னால் போவது குடியுரிமை

சிறுபான்மைப் பாதுகாப்பு என்றதும் வழிபாடு, பள்ளிக்கூடம், தாய்மொழி என்றுதான் பேச்சு தொடங்கும். அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் வடசென்னையில் வக்கீலாக இருக்கும் என்னிடம் புழல் காவாங்கரை இலங்கை அகதிகள் முகாமிலிருந்தும் செங்குன்றம் பக்கமிருந்தும் வருகிறவர்களின் பிரச்சினை அதற்கெல்லாம் முந்தியது. எந்த நாட்டுப் பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

இதன் வேர் இலங்கையில். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சமான மலையகத் தமிழர்கள் 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். அவர்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் சில இடங்களில் வென்றது. மறு வருஷம் சுதந்திரம். அதே 1948இல் குடியுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்து 1952இல் தேர்தல் வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் பெயர் பட்டியலிலேயே இல்லை.

இத்தனைக்கும் சுதந்திரத்தின்போது இலங்கைக்கு இருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29(2) என்று ஒரு பிரிவு இருந்தது. எந்தச் சமூகத்துக்கும் மற்றவர்களுக்கு இல்லாத பாதகத்தைச் சட்டத்தால் சுமத்தக்கூடாது என்றது அது. கோடகன் பிள்ளை என்ற வாக்காளரின் வழக்கு அதை நம்பித்தான் அப்போது இலங்கையின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. குடியுரிமைக்குத் தகுதி வகுப்பது நாடாளுமன்றத்தின் அதிகாரம், அது ஒரு சமூகத்தைக் குறிவைத்ததாகாது என்ற ரீதியில் 1953இல் தீர்ப்பு வந்தது. எத்தனை முறை படித்தாலும் மனசு ஆறாத தீர்ப்பு இது. சட்டத்தில் யார் பெயரும் இல்லை, உண்மைதான். அடி யார் மேல் விழுந்தது என்பது தோட்டத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். 1972இல் வந்த புதிய அரசியலமைப்பில் அந்த 29(2)கூட இல்லை.

வடக்கு, கிழக்குத் தமிழர்கள் அப்போது ஒன்றாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் குடியுரிமைப் பிரச்சினையில்தான் அவர்களின் கட்சியான தமிழ்க் காங்கிரஸ் உடைந்து, அதன் தலைவர்களில் ஒருவரான செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பக்கத்துச் சிறுபான்மையின் பெயர் நீக்கப்படும்போது நமக்கென்ன என்று இருந்துவிட்டால், நாளைக்கு நம் பக்கம் எண்ண ஆள் குறைந்துவிடும். 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தபோது அதுதான் நடந்தது என்பது என் கருத்து.

1964 அக்டோபர் 30 அன்று, நாடற்றவர்களான மலையகத் தமிழர்களைப் பற்றி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் பங்கு போட்டன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பிளாஸ்டிக் உறையில் அந்தப் பழைய காகிதங்களைக் கொண்டுவருகிறார்கள். மடித்த இடமெல்லாம் கிழிந்திருக்கும், போட்டோ பாதி உரிந்திருக்கும், பாட்டி பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். “இது போதுமா சார்?” என்று கேட்பார்கள்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் நிலைமை வேறு. காவாங்கரையில் தெருவிளக்கு எரியாவிட்டால் கவுன்சிலரிடம் போய்ச் சொல்லலாம். 2022 பிப்ரவரியில் மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தபோது அந்தக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஊர் திரும்பினால் மட்டும்? இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தந்த வட மாகாண சபைக்கு 2013இல்தான் முதல் தேர்தல். 2018இல் அதன் காலம் முடிந்ததும் நிர்வாகம் ஆளுநர் கைக்குப் போனது, வருஷங்கள் ஓடியும் மறு தேர்தல் வரவில்லை.

சரி, இங்கே சட்டம் என்ன சொல்கிறது? முகாம்களில் பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், அநேகமாக எல்லா நிலையிலும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். இந்தியாவின் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு அது. முகாம் பதிவேட்டில் ‘அகதி’ என்று எழுதியிருப்பது அந்த உரிமையை அழிக்காது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் இந்த அடிப்படையில்தான். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் என்றால், பிறந்த சமயத்தில் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். 1964 ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர் வீட்டுப் பெண்ணை முகாம்காரர் கட்டிக்கொண்ட குடும்பங்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு விதி மிகக் கடுமை. அங்கே வக்கீலைப் பார்க்காமல் எந்த மனுவும் போடாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழை முதலில் தேடுங்கள். அப்போதே பதியாமல் விட்டிருந்தால், ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் என்று கையில் உள்ளதை எடுத்துக்கொண்டு தாமதப் பதிவுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பணம் இல்லையென்றால் 15100க்குப் போன் செய்தால் இலவசச் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். அப்புறம், தாத்தா பாட்டியின் பழைய பாஸ்போர்ட்டையோ குடும்ப அட்டையையோ லேமினேட் செய்துவிடாதீர்கள். முத்திரையைத் தொட்டுச் சரிபார்க்க முடியாத காகிதத்தை அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.