போலீஸ் இடித்தார், திருடன் தப்பினான்: இரண்டும் உண்மை

மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 30 மீட்டர் கடக்கும். நொடியில் பத்தில் ஒரு பங்கில் 3 மீட்டர். இணையத்தில் போலீஸ்-ரவுடி ஆடுபவர்களுக்குள் வரும் பல சண்டைகளுக்கு அந்த 3 மீட்டர்தான் காரணம்.

வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் ராத்திரி ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்காரும் பையன்கள் இதை ‘ஆர்.பி.’ (ரோல்பிளே, அதாவது வேடம் போட்டு ஆடுவது) என்பார்கள். 2013-ல் வந்த ஜி.டி.ஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற கம்ப்யூட்டர் விளையாட்டோடு ஃபைவ்எம் என்ற மென்பொருளைச் சேர்த்து, தனி சர்வரில் நிறைய பேர் ஒரே ஊர்க்காரர்களாக ஆடுவார்கள். ஒருவர் இன்ஸ்பெக்டர், ஒருவர் கொள்ளைக்காரர், ஒருவர் மெக்கானிக், ஒருவர் ஆம்புலன்ஸ் டிரைவர். எழுதி வைத்த கதை கிடையாது. (ஃபைவ்எம்மை உருவாக்கிய குழுவை 2023-ல் ஜி.டி.ஏ-வை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனமே தன்னோடு சேர்த்துக்கொண்டது.)

ஒரு துரத்தலை எடுத்துக்கொள்வோம். திருடன் கொருக்குப்பேட்டையில், போலீஸ் கோயம்புத்தூரில், சர்வர் மும்பையில். திருடனின் கார் எங்கே திரும்புகிறது, எதில் மோதுகிறது என்று கணக்குப் போடுவது திருடனின் கம்ப்யூட்டர். ஜீப்புக்குப் போலீஸின் கம்ப்யூட்டர். அந்தக் கணக்கு சர்வருக்குப் போய், அங்கிருந்து அடுத்தவருக்கு வர வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து மும்பை ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் என்பதால், அங்கே போய்ச் சேரச் சுமார் 5 மில்லிநொடி, அங்கிருந்து கோயம்புத்தூர் வர இன்னொரு 5 போதும் என்று தோன்றும். ஆனால் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. வழியில் ரவுட்டர்கள் இருக்கின்றன, வீட்டு வைஃபையில் தங்கச்சி வேறு படம் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் சேர்ந்து 100 மில்லிநொடி, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு, ஆகிவிட்டால், போலீஸுக்கு வந்து சேரும் தகவல் 3 மீட்டர் பழசு.

தகவல் வரும்வரை படத்தை நிறுத்தி வைக்க முடியாது. அதனால் கடைசியாகத் தெரிந்த வேகத்தையும் திசையையும் வைத்து, கார் இப்போது எங்கே இருக்கும் என்று போலீஸின் கம்ப்யூட்டர் ஊகித்து வரைகிறது. ‘டெட் ரெக்கனிங்’ என்ற இந்த முறையை 1980-களிலேயே அமெரிக்க ராணுவத்தின் சிம்நெட் என்ற டாங்கிப் பயிற்சி வலையமைப்பு பயன்படுத்தியது. நேர் ரோட்டில் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். திருடன் சட்டென்று சந்துக்குள் ஒடித்துத் திரும்பினால் ஊகம் பொய்த்துவிடும். போலீஸ் திரையில் கார் நேராகவே போகிறது, ஜீப் அதன் பின்பக்கத்தில் இடிக்கிறது. திருடன் திரையிலோ கார் எப்போதோ சந்துக்குள் போயாச்சு. அடுத்த கணம் போலீஸ் திரையில் கார் துள்ளிக் குதித்து இடம் மாறும். “இடிச்சேன்”, “இடிக்கவே இல்ல” என்று இருவரும் சத்தியம் செய்வார்கள். இரண்டுமே நிஜம்.

யாருக்கு எது எப்போது தெரியும் என்பதுதான் இங்கே உள்ள சிக்கல். ஆட்ட விதிகளுக்குப் பின்னாலும் அதே சிக்கல்தான் இருக்கிறது. ராஜா-ராணி-போலீஸ்-திருடன் சீட்டில் போலீஸ் சீட்டு வந்தவன் அடுத்தவன் சீட்டை எட்டிப் பார்த்தால் ஆட்டம் செத்தது. ஆர்.பி.யில் அந்த எட்டிப் பார்த்தலுக்குப் பெயர் மெட்டாகேமிங். திருடன் யூடியூபில் லைவ் போட்டுக்கொண்டே கொள்ளையடிப்பான். போலீஸ் ஆடுபவர் மொபைலில் அதைத் திறந்தால் பதுங்கிய இடம் தெரிந்துவிடும். கண்டும் காணாததுபோல் ஆட வேண்டும். அதேபோல, செத்து ஆஸ்பத்திரியில் எழுந்தவர் தன்னைச் சுட்டவன் யார் என்பதை மறந்துவிட வேண்டும் என்று பல சர்வர்களில் விதி இருக்கிறது. நெற்றியில் துப்பாக்கி இருந்தால் பயப்பட வேண்டும். சில விஷயங்களை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். தூரம் கூடக் கூடக் குரல் தேயும், டூட்டியில் போதுமான போலீஸ் இல்லாவிட்டால் வங்கிப் பெட்டகம் திறக்காது. பயமும் மறதியும் மட்டும் ஆடுபவர் பொறுப்பு. நல்ல ஆட்டக்காரரை நான் அதில்தான் கண்டுபிடிப்பேன். குறி பார்த்துச் சுடுவதெல்லாம் பழகினால் வந்துவிடும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ரவுடி கேரக்டர் போட்டவுடன், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், “இன்னாபா” என்று எங்கள் வடசென்னைப் பேச்சை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அது மீன் விற்பவரும் வாத்தியாரும் நர்ஸும் வீட்டில் பேசுகிற பேச்சு. அதே பேச்சில் ஒரு இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் உத்தரவு போடுவதைக் கேட்க ஆசையாக இருக்கிறது.