லேபிள் சொல்லாததை யார் சொல்வது?

சேகரிப்பாளர்கள் வாங்கும் விளையாட்டு வீரர் கார்டுகளுக்கு விற்பனைக் குறிப்பு எழுதுவது என் தொழில். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கார்டையும் மேசை விளக்கடியில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பார்ப்பது என் வழக்கம். நேராகப் பார்த்தால் தெரியாத பல விஷயங்கள் சாய்த்தால் தெரிந்துவிடும். அப்படித்தான் ஒருமுறை, நிலைமைக்குப் பத்துக்கு 8 கிரேடு வாங்கிய பழைய பேஸ்பால் கார்டு ஒன்றில், ஆட்டக்காரரின் தோளுக்கு மேலே முடியளவு மடிப்புக் கோடு ஒன்று மின்னி மறைந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன். அதில் விழவே இல்லை. கார்டைக் கொடுத்தவரிடம் சொன்னேன். “கிரேடு போட்டவங்களே 8 குடுத்திருக்காங்க. நீங்க எதுக்கு சார் கோடு, கீடுன்னு எழுதுறீங்க?” என்றார்.

இந்தத் தொழிலில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. கார்டு ஸ்லாபுக்குள், அதாவது கிரேடு லேபிளோடு மூடிய பிளாஸ்டிக் உறைக்குள், போய்விட்டால் அதன் நிலைமைக்கான பொறுப்பும் கூடவே போய்விட்டது என்று நம்புகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கிரேடு என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருவர் பார்த்துச் சொன்ன கருத்து. 1991இல் தொடங்கிய பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனம் முதன்முதலில் கிரேடு போட்டது டி206 என்ற பழைய சிகரெட் கார்டு வரிசையில் வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டுக்கு. கிடைத்தது 8. அந்தக் கார்டின் விளிம்பை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று, அதை ஒருகாலத்தில் வைத்திருந்த ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உலகிலேயே அதிகம் பேசப்பட்ட கார்டுக்கே இந்தக் கதி.

கிரேடு சரியாகவே போடப்பட்டிருந்தாலும், அதன்பிறகு கார்டுக்கு என்ன நடந்தது என்பது லேபிளுக்குத் தெரியாது. ஸ்லாப் கீழே விழுந்தால் உள்ளே கார்டு நகர்ந்து மூலை நசுங்கலாம். வெயில் படும் அலமாரியில் வருஷக்கணக்கில் நின்றால் கையெழுத்து மங்கும். லேபிளில் மட்டும் அதே 9 இருக்கும்.

லேபிளில் இருப்பதையே பாதியாகச் சொல்பவர்களும் உண்டு. இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பிஎஸ்ஏ சில கார்டுகளுக்கு எண்ணோடு எழுத்தும் சேர்த்துப் போடும்: ‘ஓசி’ என்றால் படம் நடுவில் இல்லை, ‘எம்கே’ என்றால் பேனாவோ பென்சிலோ பட்டிருக்கிறது. தலைப்பில் “பிஎஸ்ஏ 8” என்று மட்டும் எழுதி அந்த இரண்டெழுத்தை விட்டுவிடுவது பொய்தான். படத்தில் தெரிகிறதே என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. பெக்கெட் என்ற இன்னொரு கிரேடிங் நிறுவனத்தில் சென்டரிங் (படம் எவ்வளவு நடுவில் இருக்கிறது), மூலை, விளிம்பு, மேற்பரப்பு என்று நான்குக்கும் தனித்தனி மதிப்பெண் இருந்தால், நான்கையும் எழுதுங்கள். எது குறைவோ அதைத்தான் வாங்குபவர் முதலில் தேடுவார்.

கீறல் விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். போட்டோவில் கோடு தெரிந்தால், அது பிளாஸ்டிக்கில் இருக்கிறதா கார்டில் இருக்கிறதா என்று வாங்குபவரால் சொல்லவே முடியாது. கையில் வைத்திருக்கும் உங்களால் முடியும். ஸ்லாபை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் உள்ள கீறல் கார்டின் படத்தைவிட்டு விலகி நகரும்; சில சமயம் அதன் நிழல் கார்டின்மேல் விழும். கார்டில் உள்ளது படத்தோடு ஒட்டியே இருக்கும். பார்த்துவிட்டு, “கீறல் ஸ்லாபின் முன்பக்கத்தில், கார்டில் இல்லை” என்று ஒரு வரி எழுதிவிட்டால், பின்னால் வரும் பாதித் தகராறு வராது. பார்த்தும் நிச்சயமில்லை என்றால் அதையும் அப்படியே எழுதலாம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

“கிரேடு குறைச்சுப் போட்டுட்டாங்க, உடைச்சு மறுபடி அனுப்புனா 10 கட்டாயம்” என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அவ்வளவு உறுதி இருந்தால் நீங்களே அனுப்பியிருப்பீர்கள். “கண்ணைப் பறிக்கும்”, “கிரேடுக்கு மிஞ்சிய அழகு” போன்ற சொற்களையும் நான் விட்டுவிட்டேன். அவற்றை வைத்து எந்த மூலை எப்படி இருக்கிறது என்று யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. நான்கு மூலை, பின்பக்கம், சான்றிதழ் எண் தெளிவாகத் தெரியும் லேபிள், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம்: இவை போதும்.

அந்த பேஸ்பால் கார்டுக்கு, உரிமையாளர் அரைமனதோடு சம்மதித்தபின், இப்படி எழுதினேன்: “தோளுக்கு மேலே, முன்பக்கத்தில் மட்டும், மெல்லிய மடிப்புக் கோடு. நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்தால் தெரியும். ஸ்கேனில் வரவில்லை.” இரண்டு நாளில் ஒருவர் கோட்டின் நீளம் கேட்டார். ஸ்லாபின்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்து, சுமார் 4 மில்லிமீட்டர் என்றேன். அவரே வாங்கிக்கொண்டார்.