துறைமுக வாசலைத் தாண்டும் முன் ஒரு முறை அளந்துவிடுங்கள்

கப்பலிலிருந்து இறங்கிய எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் இயந்திரம்) லோபெட் எனப்படும் தாழ்தள டிரெய்லரில் ஏறி நின்றது. ஆவணத்தில் அதன் உயரம் 3.10 மீட்டர். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து 0.95 மீட்டர். கூட்டினால் 4.05. வழியில் உள்ள மிகத் தாழ்வான பாலத்தின் பலகை 4.30 என்று காட்டியது. கால் மீட்டர் இடைவெளி இருக்கிறது, போதும் என்று எல்லோரும் கிளம்பத் தயாரானோம். மூத்த ஓட்டுநர் மட்டும் வண்டியில் ஏறவில்லை. “ஏற்றிய பிறகு நாம் அளக்கவில்லையே சார்” என்றார்.

அளந்தோம். 4.29 வந்தது. பாறை விழுந்தால் கேபின் நசுங்காமலிருக்க, பழைய உரிமையாளர் கூரைமேல் ஓர் இரும்புக் கூண்டைப் பொருத்தியிருந்தார். 24 சென்டிமீட்டர் உயரம், நான்கு போல்ட்டுகள். கழற்றிக் கீழே வைக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அன்று அந்த மூத்த ஓட்டுநர் வாய் திறக்காமலிருந்தால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியை நம்பிப் பாலத்துக்கு அடியில் நுழைந்திருப்போம். சாலையில் ஒரு சின்ன மேடு போதும், வண்டி அதைவிட அதிகமாகத் துள்ளும்.

கனரக இயந்திரங்களைத் துறைமுகத்திலிருந்து வேலைத்தளத்துக்குக் கொண்டுசேர்க்கத் திட்டமிடுவதுதான் என் தொழில். இயந்திரத்தை வாங்குபவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் சாலையில் எதிரே வருபவர்களும் அறிந்திருக்க வேண்டியவை இதில் நிறைய உண்டு. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை சாலையில் தொடங்கியவை அல்ல. துறைமுகத்துக்குள் இருக்கும்போதே, அவசரத்தில் தொடங்கியவை.

அந்த அவசரத்துக்கு ஒரு பெயர் உண்டு: டெமரேஜ். கட்டணமில்லாமல் சரக்கை வைத்திருக்கத் துறைமுகம் சில நாட்களைத்தான் தரும். அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் பணம். சாலை அனுமதி தாமதமானால், ஏற்ற வேண்டிய டிரெய்லர் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டால், உரிமையாளரின் தொலைபேசி ஓயாது. கடைசியில் கிடைத்த வண்டியில், கிடைத்த செயினைக் கட்டி, வெளியே எடுத்துவிட்டால் போதும் என்ற மனநிலைக்கு எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அதனால் நான் வாடிக்கையாளர்களிடம் எப்போதும் கேட்டுக்கொள்வது இதுதான்: கப்பல் கிளம்பும் முன்பே வழித்தட ஆய்வைத் தொடங்குங்கள். இயந்திரம் கடலில் வரும் நாட்களில் அனுமதி வேலை முடிந்துவிட வேண்டும்.

விற்பனைக் கையேட்டில் உள்ள எடையையும் உயரத்தையும் தொடக்கக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் கணக்கு. நடுவில் யாரோ பக்கெட்டைக் கழற்றிப் பாறை உடைப்பானை மாட்டியிருப்பார்கள், கூடுதல் விளக்கு வைத்திருப்பார்கள், பின்பக்கச் சமநிலைப் பாரமான கவுன்ட்டர்வெயிட்டை மாற்றியிருப்பார்கள். எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். டிரெய்லரில் ஏற்றிக் கட்டி முடித்த பிறகு உயரம், அகலம், நீளம் மூன்றையும் நாடாவால் அளந்து, அளந்தவர் கையெழுத்துடன் ஓட்டுநரிடம் கொடுங்கள். அனுமதிக் கடிதத்தில் உள்ள எண்ணும் அந்தத் தாளில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி நகரக்கூடாது.

பாலத்தின் பலகையையும் அப்படியே நம்பிவிட முடியாது. சாலைக்குப் புதிதாகத் தார் போடும்போது தளம் சில சென்டிமீட்டர் உயரும், பலகையில் உள்ள எண் மாறியிருக்காது. வளைவான மேற்பகுதி கொண்ட பாலங்களில் உயரம் ஒவ்வொரு தடத்திலும் வேறு. இதற்கு உலகமறிந்த உதாரணம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் ஆற்றின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலம். 2013 மே 23 அன்று, அனுமதி பெற்று, வழிகாட்டியாக முன்னால் செல்லும் பைலட் வண்டியோடு வந்த ஒரு லாரியின் உயரமான சுமை, வெளித்தடத்தில் தாழ்ந்திருந்த மேல்சட்டங்களில் மோதியது. பாலத்தின் ஒரு பகுதி அப்படியே ஆற்றில் விழுந்தது. இரண்டு வாகனங்கள் தண்ணீருக்குள் போயின, அவற்றிலிருந்த மூன்று பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். உள்தடத்தில் உயரம் கூடுதலாக இருந்தது. எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதை யாராவது முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் அந்தப் பாலம் தப்பியிருக்கும். அனுமதிச் சீட்டும் பைலட் வண்டியும் இருந்தும் நடந்த விபத்து அது. இதை நான் ஒவ்வொரு புதிய ஓட்டுநரிடமும் சொல்கிறேன்.

எனவே வழித்தட ஆய்வு என்பது வரைபடத்தைப் பார்ப்பது அல்ல. பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு சிறிய வண்டியில் அதே பாதையில் போய், பாலம், மின்கம்பி, மரக்கிளை, அறிவிப்பு வளைவு எல்லாவற்றையும் அளக்கும் கோலால் தொட்டுப் பார்ப்பது. மின்கம்பி மட்டும் விதிவிலக்கு, அதைத் தரையிலிருந்தே அளக்கும் லேசர் கருவியால்தான் அளக்க வேண்டும். திருப்பங்களில் டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்மூலையில் கம்பமோ வடிகால் மூடியோ இருக்கிறதா என்று இறங்கி நடந்து பார்ப்பேன்.

இனி ஏற்றுவது. பழைய இயந்திரம் என்றால் முதலில் கழுவுங்கள். வேற்று மண்ணோடு வரும் இயந்திரத்தைத் தாவர நோய் பரவும் என்று பல நாடுகள் துறைமுகத்திலேயே நிறுத்திவிடும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. சங்கிலிச் சக்கரத்தில் ஒட்டியிருக்கும் ஈரக் களிமண் டிரெய்லரின் இரும்புத் தளத்தில் எண்ணெய் போல வழுக்கும். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை ஒரு சின்னக் கணக்கே காட்டிவிடும்.

சாலைப் பயணத்துக்கான சரக்குக் கட்டும் விதிகள் பலவும் ஒரே அளவைச் சொல்கின்றன: திடீரென்று பிரேக் பிடித்தால் சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னால் பாயும், பக்கவாட்டிலும் பின்புறமும் 0.5 பங்கு. 22 டன் எக்ஸ்கவேட்டர் என்றால் முன்னோக்கி 17.6 டன் விசை. தளத்தில் மரப்பலகை போட்டிருக்கிறீர்கள், உராய்வு 0.3, அதாவது எடையில் 0.3 பங்கு என்று வைத்துக்கொள்வோம். உராய்வே 6.6 டன்னைப் பிடித்துக்கொள்ளும். மீதி 11 டன்னைச் செயின்கள்தான் தாங்க வேண்டும். 80 என்ற வலிமைத் தரத்தில் 13 மில்லிமீட்டர் செயின் ஒன்று சுமார் 10 டன் தாங்கும். ஆனால் செயின் நேர்கோட்டில் இழுப்பதில்லை. பயணத் திசைக்கு 45 பாகை சாய்ந்திருந்தால் அதில் 7 டன்தான் நமக்குப் பயன்படும். முன்னோக்கிய பாய்ச்சலைத் தடுக்க அப்படி இரண்டு செயின்கள் இருந்தால் 14 டன், போதும். அதே இடத்தில் 10 மில்லிமீட்டர் செயினைக் கட்டினால்? ஒன்றின் தாங்குதிறன் 6.3 டன். சாய்வைக் கழித்தால் இரண்டும் சேர்ந்து 9 டன்னுக்கும் குறைவு. போதாது. கண்ணுக்கு இரண்டு செயின்களும் பருமனாகவே தெரியும், வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்தான்.

இப்போது களிமண்ணுக்கு வருவோம். பலகையும் இல்லை, ஈர மண்ணோடு இரும்பின் மேல் இரும்பு, உராய்வு 0.1 என்று இறங்கிவிட்டால் அது பிடிப்பது 2.2 டன் மட்டுமே. மீதி 15.4 டன். சரியென்று நினைத்த 13 மில்லிமீட்டர் செயின்களும் இப்போது போதாமல் போய்விட்டன. ஒரு மணி நேரம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதையும் நான்கு பலகை விரிப்பதையும் சில்லறை வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

செயினை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்திருக்கும் கட்டும் புள்ளிகளில்தான் மாட்ட வேண்டும். ஏணிப்படி, ஹைட்ராலிக் குழாய், சிலிண்டர் தண்டு இவற்றில் மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். குறைந்தது நான்கு மூலைகளில் நான்கு தனித்தனிச் செயின்கள், பூம் எனப்படும் நீண்ட கைக்கும் பக்கெட்டுக்கும் கூடுதலாக ஒன்று. மேல்பகுதி சுழலாமல் பூட்டு ஊசி போட்டாக வேண்டும். வீல் லோடர் போல நடுவில் மடங்கும் இயந்திரம் என்றால் மடிப்புப் பூட்டும் போட வேண்டும். புகைபோக்கியின் வாயையும் மூடிக் கட்டுங்கள். ஓடும் வேகத்தில் அதற்குள் காற்று புகுந்தால், எஞ்சின் அணைந்திருக்கும்போதே, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சுழலும். அப்போது அதற்கு எண்ணெய் வராது, தாங்கிகள் தேய்ந்துவிடும். புது இயந்திரம் வேலையைத் தொடங்கும் முன்பே டர்போ போய்விட்டது என்று வரும் புகாரில் நான் முதலில் கேட்பது இந்த மூடியைப் பற்றித்தான்.

தளத்தில் இயந்திரம் நிற்கும் இடமும் கணக்குத்தான். டிரெய்லரை இழுவண்டியோடு இணைக்கும் கிங்பின்னுக்கும் பின் அச்சுகளின் நடுவுக்கும் 10 மீட்டர் தூரம் என்றால், 20 டன் இயந்திரத்தை அரை மீட்டர் முன்னால் நகர்த்தினால் ஒரு டன் பாரம் பின் அச்சுகளிலிருந்து இழுவண்டிக்கு மாறிவிடும். மொத்த எடை சரியாக இருந்தும் ஓர் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டி எடைச் சோதனையில் மாட்டுவது இதனால்தான். சரியான இடத்தைக் கண்டதும் தளத்தில் சுண்ணக்கோடு போட்டுவிடுவோம்.

கிளம்பிய பத்து, பதினைந்து கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தி எல்லாச் செயின்களையும் மறுபடி இறுக்க வேண்டும். இயந்திரம் பலகையில் அமுங்கி உட்கார்ந்திருக்கும், செயின்கள் தளர்ந்திருக்கும்.

உயரத்துக்கு அஞ்சும் அளவுக்கு வயிற்றுப்பகுதிக்கு யாரும் அஞ்சுவதில்லை. லோபெட்டின் அடிப்பாகம் தரையை ஒட்டியே போகும். இரு பக்கமும் சரிந்து நடுவில் மேடாக இருக்கும் ரயில்வே கேட்டில் அது தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டால் முன்னும் போகாது, பின்னும் வராது. அதனால் கேட் இருக்கும் பாதையில் ரயில்வேயிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுப் பெறாமல் நான் வண்டி அனுப்புவதில்லை. அப்படியும் சிக்கிக்கொண்டால் முதல் வேலை இறங்கி ஓடுவது. வண்டியை எடுக்க முயல்வது அல்ல. ரயில் வரும் திசையை நோக்கி, தண்டவாளத்தை விட்டுச் சாய்வாக விலகி ஓடுங்கள். மோதலில் சிதறும் துண்டுகள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும். ஓடிக்கொண்டே கேட்டில் எழுதியிருக்கும் அவசர எண்ணை அழையுங்கள்.

மின்கம்பி தாழ்ந்திருந்தால் உலர்ந்த கழியால் தூக்கிவிடும் வழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கழியின் ஈரமும் கம்பியின் மின்னழுத்தமும் பார்த்தால் தெரியாது. மின்துறை ஆள் வந்து மின்சாரத்தை நிறுத்தித் தூக்கும்வரை காத்திருங்கள். கம்பி வண்டியைத் தொட்டுவிட்டால் ஓட்டுநர் கேபினிலேயே இருக்க வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால் வண்டியைப் பிடித்துக்கொண்டு காலைத் தரையில் வைக்கக்கூடாது. இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, அப்படியே சேர்த்த கால்களோடு விலகிப் போக வேண்டும்.

சாலையில் எங்களுக்குப் பின்னால் வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பைலட் வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் காலியாகத் தெரியும் இடம் உங்களுக்காக விட்டது அல்ல, பாலத்துக்கு முன்னால் நாங்கள் நிற்பதற்காக விட்டது. திருப்பத்தில் டிரெய்லர் எதிர்ப்பக்கமாக அகன்று போவதைப் பார்த்து, வழி கிடைத்ததென்று உள்பக்கத்தில் நுழையாதீர்கள். அந்த இடத்தைத்தான் பின்சக்கரங்கள் வெட்டிக்கொண்டு வரப்போகின்றன.

வேலைத்தளத்துக்கு வந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் களைப்பு. அந்தி சாயும் நேரம், தளப் பொறியாளர் இயந்திரத்தைக் காலையிலேயே இயக்க வேண்டும் என்பார். நான் இருட்டில் இறக்க ஒப்புவதில்லை. செயினை இறுக்கிப் பிடித்திருக்கும் நெம்புகோல் இறுக்கியை விடுவிக்கும்போது கைப்பிடி திரும்பி வந்து அடிக்கும் வேகம் தாடையை உடைக்கும். சாய்தளத்தின் விளிம்பில் இயந்திரம் முன்னால் சாயும் அந்த நொடியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். செயின்களைக் கட்டியபடியே விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஓட்டுநரைத் தூங்கச் சொல்லிவிட்டு வருவேன். வெளிச்சம் வந்த பிறகு இறக்குவோம்.