நூறு தாய்க்குப் பத்து கிடா: பன்றிப் பண்ணை மானியத்தில் இந்தக் கணக்கு எதற்கு?

பன்றிப் பண்ணைக்கு 30 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு என்று கேள்விப்பட்டு விதிமுறையைப் புரட்டுகிறவர்கள் தட்டுத்தடுமாறி நிற்கிற இடம் ஒன்றுதான். "நூறு தாய்ப்பன்றிக்கு எதுக்குங்க பத்து கிடா? அஞ்சாறு போதாதா?" கிடா என்றால் இங்கே ஆண் பன்றி. கேள்வி நியாயமானது. வளர்ந்த கிடா ஒன்று தினமும் இரண்டு கிலோவுக்கு மேல் தீவனம் தின்னும், குட்டியும் போடாது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், திட்டம் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

இது ஒன்றிய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் வரும் தொழில்முனைவோர் திட்டம். பன்றி இனவிருத்திப் பண்ணை அமைத்தால் மூலதனச் செலவில் 50 சதவீதம் மானியம். 100 தாய், 10 கிடா என்றால் உச்சவரம்பு 30 லட்சம். 50 தாய், 5 கிடா என்றால் 15 லட்சம். 50 லட்ச ரூபாய்த் திட்டத்துக்கு 25 லட்சம் வரும். 70 லட்சத்துக்குப் போட்டால் 35 வராது, 30-தான். தனிநபர், சுயஉதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என எவரும் விண்ணப்பிக்கலாம். நிலம் சொந்தமாகவோ குத்தகையாகவோ இருக்க வேண்டும். பயிற்சிச் சான்று அல்லது அனுபவம் வேண்டும். வங்கிக் கடன் ஒப்புதல் வேண்டும். சொந்தப் பணத்தில் கட்டுகிறவர் வங்கி உத்தரவாதம் காட்ட வேண்டும். நிலம் வாங்குவதற்கும், வாடகைக்கும், சொந்த உபயோக வண்டிக்கும் மானியம் கிடையாது. விண்ணப்பம் இணையத்தில்தான். மாநிலக் கால்நடைத் துறை பரிசீலித்துப் பரிந்துரைக்கும். பணம் இரண்டு தவணையாக வரும்; இரண்டாவது பாதி, பண்ணை முழுதும் எழும்பி ஆய்வு முடிந்த பிறகே. ஆகவே மானியத்தை நம்பிக் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

இனி கிடா கணக்குக்கு வருவோம். சினைக்கு விடுவது மட்டும்தான் வேலை என்றால் ஒரு கிடா பதினைந்து தாய்க்குத் தாங்கும். ஆனால் பண்ணையில் பிறக்கிற எல்லாக் குட்டிக்கும் பாதி ரத்தம் கிடாக்கள் வழியாகத்தான் வருகிறது. தாய் நூறு இருந்தாலும் தகப்பன் இரண்டே என்றால், அடுத்த தலைமுறை முழுக்க அண்ணன் தங்கைகளாகவே இருக்கும். மந்தை மரபணுக் கணக்கில் உண்மையில் எத்தனை பன்றிக்குச் சமம் என்று அளக்க மரபியலில் ஒரு சூத்திரம் உண்டு: ஆண், பெண் எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 100 தாய், 10 கிடாவுக்கு விடை 36. நாலு கிடா என்றால் 15. இரண்டே கிடா என்றால் 8-கூட வராது. கொட்டகையில் நூறு உருப்படி நின்றாலும், மரபணுக் கணக்கில் அது எட்டுப் பன்றிகள் உள்ள மந்தைதான். ஒரு கிடாவை அதன் மகளோடே சேர்த்தால் பிறக்கும் குட்டியின் உள்ளினக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே ரத்தம் சேர்வதன் அளவு, 25 சதவீதம். ஈற்றுக்குப் பத்துக் குட்டி போட்ட வம்சத்தில் ஏழு, ஆறு என்று குறைவதும், பிறந்த குட்டிகள் நோஞ்சானாகச் சாவதும் இதன் அடையாளங்கள். பலர் தீவனத்தைக் குறை சொல்வார்கள்.

உலக உணவு வேளாண்மை அமைப்பு, ஓர் இனத்தின் நீண்டகாலப் பாதுகாப்புக்கு இந்தச் சூத்திரத்தில் வரும் எண் 50-க்குக் குறையக் கூடாது என்கிறது. திட்டத்தின் பெரிய பண்ணையே 36-தான், சின்னது 18. அதனால் விதி கேட்கும் பத்தும் ஐந்துமே குறைந்தபட்சம் என்றே நான் சொல்வேன். வெளியிலிருந்து உறவில்லாத கிடாவை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரத்தம் கலப்பது பன்றிக்குப் புதிதல்ல. காட்டுப்பன்றியை மனிதர் இன்றைய துருக்கிப் பக்கம் ஒருமுறையும் சீனாவில் தனியாக ஒருமுறையும் பழக்கினார்கள். முதலாவது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன். பிற்காலத்தில் ஆங்கிலேயர் சீனப் பன்றிகளைக் கொண்டுபோய்த் தங்கள் ஊர்ப் பன்றிகளோடு கலந்தார்கள். நம் ஊர் வெண்பன்றிப் பண்ணைகளில் நிற்கும் யார்க்ஷயருக்குள்ளும் அந்தச் சீன ரத்தம் ஓடுகிறது.

நாட்டு இனங்கள் தனிக் கதை. 2019 கணக்கெடுப்பில் இந்தியாவில் 90.6 லட்சம் பன்றிகள். 2012-ஐவிட 12 சதவீதம் குறைவு. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு, நாட்டு இனங்களை ஆய்ந்து எண் கொடுத்துப் பதிகிறது. பன்றியில் முதல் பதிவு வங்கத்தின் வடகோடியைச் சேர்ந்த குங்குரு: கறுப்பு நிறம், சப்பை மூஞ்சி, இதய வடிவில் தொங்கும் பெரிய காது. மேகாலயாவின் நியாங் மேகா, கோவாவின் அகோண்டா, நாகாலாந்தின் தென்யி வோ, நிக்கோபாரி ஆகியவை அடுத்தடுத்து வந்தன. எண் கிடைத்தால் அந்த இனத்துக்கென்று பாதுகாப்புத் திட்டம் கேட்க முடியும். சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கே.பி.எம். கோல்டு ரகத்தில் முக்கால் பங்கு யார்க்ஷயர், கால் பங்கு நாட்டுப் பன்றி. நாட்டு ரத்தம் அழிந்துபோனால் இந்தக் கால் பங்குக்கு எங்கே போவது?

காப்பீட்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள். இதே இயக்கத்தில் பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டும் நீங்கள் கட்டினால் போதும். மீதியை இரு அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. 2020-இல் அசாமில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தொற்றினால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. தீவனம் வழியாக அது வராமல் இருக்க, ஓட்டல் மிச்சத்தைப் போடுகிறவர்கள் நன்றாகக் கொதிக்க வைத்துப் போடவும்.

கிடா வாங்கப் போகும்போது காதுத் தோடு எண்ணோடு அதன் தாய், தகப்பன் எண்ணையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பத்தும் ஒரே பண்ணையில் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவையாக இருந்தால் ஆய்வுக்கு வரும் அதிகாரி பத்து என்றுதான் எண்ணிப் போவார். உங்கள் நோட்டில் மட்டும் அது ஒன்று.