உப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிற மூணு ஆக்சிஜன்: பொட்டாசியம் அயோடேட் பத்தி

அயோடின் கலந்த உப்புன்னு பாக்கெட்ல போட்டிருக்கும், ஆனா உள்ள இருக்கிறது தனி அயோடின் கிடையாது. தனி அயோடின் பளபளன்னு கறுப்பா இருக்கிற படிகம், திறந்து வச்சா ஊதா ஆவியா கிளம்பிப் போயிடும், அதைப் போய் யாரும் சாப்பாட்டுல போட முடியாது. பெரும்பாலான நாடுகள்ல உப்புல கலக்குறது பொட்டாசியம் அயோடேட். வெள்ளைப் பொடி, வாசனை இல்ல, ஒரு பொட்டாசியம், ஒரு அயோடின், மூணு ஆக்சிஜன், அவ்வளவுதான். ஆனா அந்த மூணு ஆக்சிஜன் இருக்கே, அதைப் புரிஞ்சிக்கிட்டா இந்தப் பொடியோட நல்லது கெட்டது எல்லாமே புரிஞ்சிடும்.

இதுக்குப் பதிலா ஆக்சிஜனே இல்லாத பொட்டாசியம் அயோடைடு போட்டா என்னன்னு கேக்கலாம். சில நாடுகள்ல போடவும் செய்யிறாங்க. எடைக்கு எடை பாத்தா அயோடைடுல 76 சதவீதம் அயோடின், அயோடேட்ல 59 சதவீதம்தான், தண்ணியில கரையிறதும் அயோடைடுதான் ரொம்ப சுலபம். அப்புறம் ஏன் அயோடேட்? ஈரமும் வெளிச்சமும் காத்தும் பட்டா அயோடைடு மெல்ல மெல்ல ஆக்சிஜனோட சேர்ந்து அயோடினா மாறி பறந்துடும், சுத்தம் கம்மியான ஈர உப்புல இது இன்னும் வேகமா நடக்கும், மூட்டை கடைசி ஆள் கைக்குப் போறப்ப பாதி கூட மிஞ்சாம போகலாம். அயோடேட்ல அயோடினை ஏற்கனவே மூணு ஆக்சிஜன் பிடிச்சு வச்சிருக்கு. எரிஞ்சு முடிஞ்ச சாம்பலை காத்து மறுபடி எரிக்க முடியாதுல்ல, அந்த மாதிரி காத்துல இருக்கிற ஆக்சிஜனுக்கு இங்க செய்ய வேலையே இல்ல. சூடுன்னு பாத்தாலும் சுத்தமான பொடி 560 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாதான் சிதையும்.

அளவு எவ்வளவுன்னு பாத்தா எனக்கு இப்பவும் ஆச்சரியமா இருக்கும். ஒரு கிலோ உப்புல 30 மில்லிகிராம் அயோடின் வேணும்னா சுமார் 51 மில்லிகிராம் அயோடேட் போதும், அதாவது ஒரு டன் உப்புக்கு 51 கிராம். அந்த உப்புல ஒரு நாளைக்கு 5 கிராம் சாப்பிட்டா 150 மைக்ரோகிராம் அயோடின் கிடைக்கும், ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் அதே 150தான். இவ்வளவு கம்மியான பொருளை ஒரு டன்ல சீரா பரப்பணும்ங்கிறதாலதான் தண்ணியில கரைச்சு, ஓடிக்கிட்டிருக்கிற உப்பு மேல தெளிப்பாங்க. உடம்புக்குள்ள போனதும் அயோடேட் ஆக்சிஜனை இழந்து அயோடைடா மாறிடும், அதை தைராய்டு இழுத்து ஹார்மோன் செய்யும். இது பத்தலைன்னா கழுத்துல வீக்கம் வர்றது வெளிய தெரியிற பாதிப்பு, வயித்துல இருக்கிற குழந்தையோட மூளை வளர்ச்சி பாதிக்கப்படுறதுதான் அதைவிடக் கொடுமை.

இப்ப லேப் பக்கம் வருவோம். உப்புல அயோடின் இருக்கான்னு பாக்க வெறும் ஸ்டார்ச் கரைசலை ஊத்திப் பாத்துட்டு நீலமே வரல, ஏமாத்திட்டாங்கன்னு நினைக்கிறவங்க உண்டு. ஸ்டார்ச் நீலமாகிறது தனி அயோடின் பட்டாதான், அயோடேட்டுக்கு அது அசையாது. கொஞ்சம் அமிலமும் அயோடைடும் சேத்தா ஒரு அயோடேட்டும் அஞ்சு அயோடைடும் சேர்ந்து மூணு அயோடின் மூலக்கூறு வெளிய வரும், அப்ப பாருங்க, குபுக்னு நீலம். அந்த நீலம் மறையிற வரைக்கும், தனி அயோடினை திரும்ப அயோடைடா மாத்துற தயோசல்ஃபேட் கரைசலை சொட்டு சொட்டா விட்டா எவ்வளவு அயோடின் இருந்துச்சுன்னு கணக்கு வந்துடும். தயோசல்ஃபேட் கரைசல் நாளாக ஆக வலு குறையும், அதோட உண்மையான வலு என்னன்னு சரி பாக்கிறதுக்கும் அயோடேட்தான் அளவுகோல், ஏன்னா அது சுத்தமா கிடைக்கும், ஈரம் இழுக்காது, தராசுல நிறுத்துப் பாத்தா எடை மாறாம அப்படியே நிக்கும். 1886ல லாண்டோல்ட்ங்கிற வேதியியலாளர் காட்டின கடிகார வினையும் இதை வச்சுதான்: ரெண்டு தெளிவான கரைசலைக் கலந்தா கொஞ்ச நேரம் ஒண்ணுமே ஆகாது, திடீர்னு ஒரே நொடியில மொத்தமும் கருநீலமாயிடும். நேர்ல ஒரு தடவையாவது பாக்கணும்.

ஆனா பொடியா கையாளும்போது நிலைமை வேற. காத்துக்கிட்ட அசையாத அதே மூணு ஆக்சிஜன், எரியக்கூடிய பொருளும் சூடும் கிடைச்சா தாராளமா வெளிய வந்துடும். அதனால கந்தகம், கரி, அலுமினியம் பொடி, மரத்தூள், எண்ணெய்த் துணி எதுவும் இதுக்குப் பக்கத்துல இருக்கக் கூடாது, அதோட சேத்து அரைக்கவே கூடாது. தீப்பிடிச்சா கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பெருசா உதவாது, காத்தை மறைச்சாலும் இது தன் ஆக்சிஜனையே கொடுத்துக்கிட்டிருக்கும், நிறைய தண்ணி அடிக்கிறதுதான் வழி. கண்ல பட்டா கடுமையான காயம் ஆகும், கண்ணாடியும் கையுறையும் இல்லாம தொடாதீங்க, பட்டுட்டா குறைஞ்சது 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க.

விழுங்குறது பத்தி கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். அணு உலை விபத்துல கதிரியக்க அயோடின் தைராய்டுல சேராம இருக்க அயோடேட் மாத்திரையும் கொடுக்கிறதுண்டு, பெரியவங்களுக்கு 170 மில்லிகிராம், அதுல 100 மில்லிகிராம் அயோடின். அது அதிகாரிகள் சொல்ற நேரத்துல மட்டும். பயத்துல லேப் பொடியைத் தானா சாப்பிடுறது ரொம்ப ஆபத்து, கிராம் கணக்குல உள்ள போனா விழித்திரை கெட்டு பார்வையே போன சம்பவங்கள் பதிவாகியிருக்கு. 5 கிராம் உப்புல இருக்கிறது கால் மில்லிகிராம்தான், அதனால உப்பைப் பாத்துப் பயப்பட வேண்டாம்.

சிந்தின பொடியை மரத்தூள் போட்டுக் கூட்டாம, காகிதக் குப்பையில போடாம, தூசி கிளப்பாம ஈரத்துணியால எடுத்து, அந்தத் துணியைக் காயுறதுக்குள்ள நல்லா அலசிடணும். மீதமான கரைசலை லேப்ல லேசா அமிலமாக்கி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கிற பைசல்ஃபைட்டை கொஞ்சம் கொஞ்சமா விடுவாங்க, முதல்ல அயோடினோட பழுப்பு நிறம் எழும்பும், இன்னும் விட்டா நிறம் மறைஞ்சு தெளிஞ்சிடும், அந்த நேரம் மூணு ஆக்சிஜனும் கழண்டு வெறும் அயோடைடா ஆகியிருக்கும்.